அளவுச் சட்டை

மார்ச் 4

தையல் கடை உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் சுகாதார நிலையம் இந்த மாதம் முழுவதும் மார்பகப் புற்றுநோய் பற்றிய விழிப்புணர்வு முகாம் நடத்துகிறது. பெண்களுக்கு உடை தைக்கும் கடைகளில், அளவு எடுக்கும் அறைக்குள், ஒரு நோட்டீஸ் ஒட்ட அனுமதி கேட்கிறோம். பல பெண்கள் கண்ணாடி முன்னால் நிதானமாக நிற்கும் இடம் அது ஒன்றுதான் என்பதால் இந்த ஏற்பாடு.

நோட்டீஸை இத்துடன் இணைத்திருக்கிறேன். கட்டி, தோலில் குழி, ஒரு பக்கம் மட்டும் அளவு மாறுவது, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து நீரோ ரத்தமோ கசிவது. இதில் எது தென்பட்டாலும், வலி இல்லாவிட்டாலும், தள்ளிப்போடாமல் பரிசோதனைக்கு வரவேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

மாதத்தின் கடைசி சனிக்கிழமை மதியம் உங்கள் கடையில் அரை மணி நேரக் கூட்டம் ஒன்றும் நடத்த விரும்புகிறோம். ஒத்துழைப்பை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
செவிலியர், சுகாதார நிலையம்

(முத்திரை)


மார்ச் 7

செவிலியர் அம்மாவுக்கு,

உரிமையாளர் எழுதிக்கொள்வது. உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய், வாசலில் வாத்தியாரிடம் திட்டு வாங்கிய அதே உரிமையாளர். பதினாலு மாதமாக நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. இப்போது முத்திரை குத்திக் கடிதம் வருகிறது. நல்ல முன்னேற்றம்.

உன் நோட்டீஸைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் கடைக்குப் பெண்கள் எதற்கு வருகிறார்கள் என்று உனக்குத் தெரியுமா? ஒருத்திக்கு ஒரு தோள் இறக்கம், ஒருத்திக்கு முதுகில் கூன், ஒருத்திக்கு வயிறு. "அக்கா, இது தெரியாம தைச்சுக் கொடுங்க"ன்னுதான் வருகிறார்கள். முப்பத்தொரு வருடமாக அதைத்தான் செய்கிறேன். அந்தச் சின்ன அறையில் அவர்கள் கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருக்கிறார்கள். அங்கே போய்க் கட்டி, குழி, ரத்தம் என்று ஒட்டிவைக்க எனக்கு மனசு வராது. கூட்டமும் கிடையாது. தையல் மிஷின்களை எங்கே தூக்கி வைப்பேன், தலையிலா?

உங்கள் மேலதிகாரி பன்னிரண்டு சீருடைச் சட்டைகள் தைக்க என்னிடம் கொடுத்திருக்கிறார். நாம் யார் எவர் என்று அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. ஆளுக்கொரு பழைய சட்டை அளவுக்கு அனுப்பச் சொல். உன்னுடையதையும் சேர்த்துத்தான்.

உரிமையாளர்


மார்ச் 10

அக்கா,

நாலாக மடித்த நோட்டீஸ் வந்து சேர்ந்தது. சரி, முத்திரை வேண்டாம். நேராகவே எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவேன், அதனால்தான் காகிதம்.

நான் ஏன் பேசுவதில்லை என்று நீ இதுவரை கேட்டதில்லை. தெரிந்ததால்தான் கேட்கவில்லை. நம் நடுவள் இறந்து இரண்டு மாதம் கழித்து, அவள் பீரோவைக் காலி செய்தபோது, அவள் மகள் என்னிடம் நாலு சட்டைகளைக் கொடுத்தாள். "சித்தி, அம்மா ஞாபகமா வெச்சுக்குங்க" என்றாள். நாலும், அவள் என்னிடம் வருமுன் எட்டு மாதத்தில், நீ தைத்தவை. ஒன்றின் தையல் விட்டுப் பஞ்சு எட்டிப் பார்த்தது. நாலையும் பிரித்தேன். முதல் சட்டையில் இடது பக்க லைனிங்குக்குள் ஒரு அடுக்குப் பஞ்சு. அடுத்ததில் இரண்டு. அதற்கடுத்ததில் இரண்டரை. மகள் கல்யாணத்துக்கு அவள் போட்டிருந்ததில் மூன்று அடுக்கு, குழி தெரியாமலிருக்க மேலே ஒரு வெட்டுத் துணி. எவ்வளவு நேர்த்தி உன் கைக்கு.

எட்டு மாதம், அக்கா. அந்த எட்டு மாதமும் உனக்குத் தெரிந்திருக்கிறது. நம் இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்தவள் உன் கண்ணாடி முன்னால் நின்று கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்திருக்கிறாள், நீ ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்திருக்கிறாய். என்னிடம் அவள் வந்து சேர்ந்தபோது புண் வெடித்திருந்தது. கட்டு மாற்றத்தான் எனக்குக் கொடுத்தீர்கள்.

உன் கடையில் ஒட்டச் சொன்னது வாடிக்கையாளர்களுக்காக மட்டும் என்று நினைக்காதே. நீ அதைத் தினமும் படிக்க வேண்டும்.

தங்கை என்று கையெழுத்துப் போட மனம் வரவில்லை.


மார்ச் 14

சின்னவளுக்கு,

ஆமாம். வைத்தேன். பஞ்சும் வைத்தேன், வெட்டுத் துணியும் வைத்தேன்.

அந்த நாளை நீயும் தெரிந்துகொள். மகளுக்கு மாப்பிள்ளை முடிவான வாரம். அளவு அறையில் நின்று, "அக்கா, இடது பக்கம் மட்டும் லொடலொடன்னு இருக்கு, இழுத்துப் பிடிச்சுக் கொடு" என்றாள். டேப்பைச் சுற்றும்போது என் விரல் பட்டது. தோல் கெட்டியாக இருந்தது. "என்னடி இது?" என்றேன். "வயசாகுது, வேற என்ன. வலிக்கவே இல்லையே. வலிச்சாத்தானே வியாதி?" என்று சிரித்தாள். "சின்னவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. "அவகிட்ட சொன்னா நாளைக்கே கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிடுவா. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? கல்யாணம் முடியட்டும்க்கா. என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணினேன். வலி இல்லை என்றால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன். எனக்குப் படிப்பு அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணத்தன்று எல்லோரும் அவளைப் பார்த்து, "எவ்வளவு கச்சிதமா இருக்கு, யார் தைச்சது?" என்று கேட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

இப்போது உன் கதைக்கு வருவோம். அந்த எட்டு மாதத்தில் நீ எத்தனை தடவை அவள் வீட்டுப் படி ஏறினாய்? முகாம், பயிற்சி, டியூட்டி. கல்யாணத்துக்கே சாப்பாடு முடிந்து இலை எடுக்கும் நேரத்துக்குத்தான் வந்தாய். வந்து அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்தாய். அந்தப் படம் என் சுவரில் இருக்கிறது. நர்ஸ்தானே நீ? ஊரில் இருக்கிற பெண்களுக்கெல்லாம் தடவிப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிற கைதானே? அந்தக் கைக்குத் தெரியவில்லையா?

பதினோரு அளவுச் சட்டை வந்துவிட்டது. உன்னுடையதுதான் பாக்கி. கூட்டத்துக்கு இடம் கிடையாது என்பதில் மாற்றமில்லை.

அக்கா


மார்ச் 17

அளவுச் சட்டை இத்துடன். துவைத்துத்தான் அனுப்பியிருக்கிறேன். மேலோட்டமாக அளந்துகொண்டு சீக்கிரம் திருப்பி அனுப்பு. உன் கடிதத்துக்குப் பதில் எழுதுவதாக இல்லை.


மார்ச் 20

சின்னவளே,

பதினோரு பேர் சட்டை வந்த லட்சணம் எனக்குத் தெரியும். பையில் பேனா மை, காலரில் அழுக்கு, ஒன்றில் பஸ் டிக்கெட். உன்னுடையது மட்டும் துவைத்து, இஸ்திரி போட்டு, உள்பக்கமும் இஸ்திரி போட்டு வந்திருக்கிறது. பள்ளிக்கூடச் சீருடையைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தவள் நீ. உள்பக்கத்துக்கு இஸ்திரி போடுகிற ஆளா?

அதனால் திருப்பிப் பார்த்தேன்.

இடது பக்கம், மார்புக்கு நேராக, சதுரமாக ஊசித் துளைகள். நாலு பக்கமும் ஏறி இறங்கி, ஒரு தையல் நீளம், ஒரு தையல் குட்டை. உனக்குத் தையல் சொல்லிக்கொடுத்து அலுத்துப்போனவள் நான், உன் கோணல் எனக்குத் தெரியாதா? உள்ளே ஒரு துணி வைத்துத் தைத்திருக்கிறாய். என்னிடம் அனுப்பும் முன் பிரித்து எடுத்திருக்கிறாய். நூலை எடுத்தால் போதும் என்று நினைத்துவிட்டாய். துளை எங்கே போகும்? அந்தச் சதுரத்துக்கு நடுவில் பொத்தான் அளவுக்கு ஒரு பழுப்பு வட்டம். ஜன்னலில் வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். சோப்புப் போட்டுத் தேய்த்து, வெளுக்கிற மருந்தும் போட்டுத் தேய்த்திருக்கிறாய். அந்த இடத்தில் மட்டும் நூல் மெலிந்துபோயிருக்கிறது.

மருந்துக் கறை என்று சொல்லாதே. வெளியே சிந்தினால் வெளிப்பக்கத்தில்தான் கறை பெரிதாக இருக்கும். இது உள்ளேயிருந்து வந்தது.

உன் நோட்டீஸை நான் திருப்பி அனுப்பினேன், படிக்காமல் அனுப்பவில்லை. அதில் ஐந்தாவதாக நீ என்ன எழுதியிருக்கிறாய்?

எத்தனை நாளாக இருக்கிறது? யாரிடம் காட்டினாய்?

அக்கா


மார்ச் 22

அக்கா,

அளவெடுக்கக் கொடுத்தால் அளவெடு. வைத்தியம் பார்க்க வேண்டாம். உன் வேலை அது இல்லை, என் வேலை.

காம்புக் கசிவுக்கு ஆயிரம் காரணம் உண்டு, பெரும்பாலும் ஒன்றுமில்லாமல்தான் போகும். இருபது வருடமாக இதைப் பார்க்கிறவள் நான். என்ன செய்வது, எப்போது செய்வது என்று எனக்குத் தெரியும். இந்த மாதம் எனக்கு ஒன்பது இடத்தில் கூட்டம் இருக்கிறது. முகாம் முடியட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

அவளுக்கு மூடிக்கொண்டிருந்த கண் எனக்குத் திறந்துவிட்டதா? ரொம்பத் தாமதம். சட்டையைத் திருப்பி அனுப்பு. என் உடம்பில் மூக்கை நுழைக்க உனக்கு எந்த உரிமையும் கிடையாது.

செவிலியர்


மார்ச் 24

செவிலியர் அம்மாவுக்கு,

அவள் "கல்யாணம் முடியட்டும்" என்றாள். நீ "முகாம் முடியட்டும்" என்கிறாய். அவளும் பஞ்சு வைத்தாள், நீயும் துணி வைத்தாய். அவளுக்கு வைத்துக் கொடுக்க நான் இருந்தேன். உனக்கு நீயே வைத்துக்கொண்டாய், அவ்வளவுதான் வித்தியாசம். அவளுக்காவது விவரம் தெரியாது.

இப்போது நான் சொல்வதைக் கேள். கூட்டத்துக்கு இடம் தருகிறேன். சனிக்கிழமை மதியம், மிஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு முப்பது பேர் உட்காரலாம். உன் மேலதிகாரிக்கும் சொல்லி அனுப்பிவிட்டேன், வருவதாகப் பதில் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் நீ பரிசோதனைக்குப் போனதற்கான சீட்டு என் கையில் இருக்க வேண்டும். தேதி போட்ட சீட்டு. நீயே எழுதிக்கொள்கிற சீட்டு செல்லாது.

வரவில்லை என்றால் உன் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியும்படி ஹேங்கரில் மாட்டி, கூட்டத்துக்கு நடுவில் தொங்கவிடுவேன். ஊசித் துளையையும் கறையையும் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டுவேன். யார் சட்டை என்று யாராவது கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

மானம் போகிறது என்று அழு. என்னைத் திட்டு. ஏற்கெனவே என்னை வெறுக்கிறாய், இன்னும் கொஞ்சம் கூடினால் எனக்கு ஒன்றும் ஆகிவிடாது. சத்தியம் கேட்டுக் கெஞ்சினால் இந்தத் தடவை நான் மசிய மாட்டேன்.

பதினோரு சட்டை தைத்து முடித்தாயிற்று. உன்னுடையதில் கத்திரி வைக்கவில்லை. வைக்கவும் மாட்டேன்.

அக்கா


மார்ச் 27

சீட்டு இத்துடன். திருப்தியா?

ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி விட்டுச் சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வரப் பத்து நாளுக்கு மேல் ஆகும். நாளைக் கூட்டத்துக்கு நான் வரவில்லை, வேறு செவிலியர் வருவார். அவரிடம் வாயைத் திறக்காதே. சட்டையைப் பையில் போட்டு, பையைக் கட்டி, அவரிடம் கொடுத்தனுப்பு.


மார்ச் 30

சின்னவளே,

சட்டை பத்திரமாக வந்திருக்கும். வாயைத் திறக்கவில்லை, உன்னைப் பற்றி.

கூட்டத்துக்கு இருபத்தாறு பேர் வந்தார்கள். நீ அனுப்பிய பெண் பஸ் நேரம் வாசிப்பது போலப் பேசினாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டாள். யாருக்கும் இல்லை. ஒருத்தி தன் பாவாடை தைத்தாயிற்றா என்று என்னிடம் ஜாடை காட்டினாள். உன் மேலதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து நின்று நடுவளைப் பற்றிச் சொன்னேன். அவளைப் பாதிப் பேருக்குத் தெரியும். "அவளுக்கு எட்டு மாசம் முன்னாடியே இருந்துச்சு. எனக்குத் தெரியும். நான்தான் பஞ்சு வெச்சுத் தைச்சு மறைச்சேன். உங்கள்ல யாருக்காவது நான் அப்படித் தைச்சுக் கொடுத்திருந்தா அதைத் தூக்கிப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றேன்.

பள்ளிக்கூட டீச்சர் எழுந்து போய்விட்டார். இன்று காலையில் ஆள் அனுப்பித் தைக்காத துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். இருபது வருட வாடிக்கை. சொந்தத் தங்கையைச் சாக விட்டவள் என்று இரண்டு பேர் பேசிக்கொண்டதும் என் காதில் விழுந்தது. அவர்கள் சொன்னதில் தப்பில்லை.

ஆனால் கூட்டம் கலைந்த பிறகு மூன்று பேர், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், அளவு அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். பேக்கரிக்காரர் மனைவி என் கையை எடுத்துத் தன் அக்குள் பக்கத்தில் வைத்து, "இது என்னன்னு பாருங்கக்கா" என்றாள். "எனக்குப் பார்க்கத் தெரியாது, தெரிஞ்சவங்ககிட்ட கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று சொல்லி நேற்றே கூட்டிக்கொண்டு போனேன். வெறும் நீர்க்கட்டியாம். வரும் வழியெல்லாம் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் வந்தாள்.

முடிவு வந்ததும் எழுது. நல்லதோ கெட்டதோ, எழுது.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

முடிவு வந்துவிட்டது. புற்றுநோய்தான். ஆனால் பால் வரும் குழாய்க்குள்ளேயே இருக்கிறது, வெளியே பரவவில்லை. ஆரம்பம் என்றால் இதைவிட ஆரம்பம் கிடையாது. இருபதாம் தேதி அறுவை சிகிச்சை. "நல்ல நேரத்துல வந்தீங்க சிஸ்டர். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வேற மாதிரி பேசிக்கிட்டிருப்போம்" என்றார் மருத்துவர். நல்ல நேரத்தில் நானா வந்தேன்?

கேட்டாயே, எத்தனை நாளாக என்று. பதினோரு வாரம். தெரிந்துதான் துணி வைத்தேன். மேடையில் நின்று "பயப்படாதீங்க, சீக்கிரம் வாங்க" என்று பேசிவிட்டு, இறங்கியதும் கழிவறைக்குப் போய்த் துணி நனைந்திருக்கிறதா என்று பார்ப்பேன். நடுவளுக்குக் கட்டு மாற்றிய நாற்றம் என் மூக்கில் இன்னும் இருக்கிறது. கடைசி மாதம் அவள் என்னிடம் கேட்டதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மற்றவர்களுக்குப் பயத்தைக் கேள்விப்பட்டுத்தான் தெரியும், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். அதனால்தான் போகவில்லை. வெட்கமாக இருக்கிறது.

நன்றி சொல்வேன் என்று நினைக்காதே. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன், வரவில்லை.

இத்தனை நாளும் உன்னைப் பற்றி எனக்குள் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். அக்காவுக்கு விவரம் போதாது, யார் சொன்னாலும் சரி என்பாள், எதிர்த்துப் பேசத் தெரியாது. அதைச் சொல்லிச் சொல்லித்தான் உன்மேல் இருந்த கோபத்தை ஓரளவுக்குள் வைத்திருந்தேன். உன் இருபத்து நாலாம் தேதிக் கடிதம் அதைக் கெடுத்துவிட்டது. உனக்கு மிரட்டத் தெரிகிறது. மானத்தை வாங்கத் தெரிகிறது. கெஞ்சினால் மசியாமல் இருக்கத் தெரிகிறது. அந்தக் கடிதத்தில் பாதியை அவளுக்கு எழுதியிருக்கலாமே, அக்கா. ஒரே ஒரு தடவை அவளிடம் கெட்டவளாக இருந்திருக்கலாமே. அவளுக்கு நல்ல அக்காவாக இருந்தாய், அவள் போய்விட்டாள். என்னிடம் பேய் மாதிரி நடந்துகொண்டாய், நான் இருக்கிறேன். இதை நான் எப்படி மன்னிப்பது?

என்னையும் மன்னிக்க முடியவில்லை. போட்டோவைப் பற்றிக் கேட்டாய். கைக்குத் தெரிந்தது. கட்டிக்கொண்டபோது இடது பக்கம் கெட்டியாக ஏதோ என்மேல் இடித்தது. உன் தையல் என்று நினைத்தேன். அக்கா ஏதோ புதிதாக லைனிங் வைத்துத் தைத்திருக்கிறாள், எவ்வளவு எடுப்பாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தேன். இப்போது உனக்கும் தெரிந்துவிட்டது.

கூடப் பிறந்த மூன்று பேரில் இரண்டு பேருக்கு வந்திருக்கிறது. பாக்கி நீ. புதன்கிழமை, பதினைந்தாம் தேதி, காலை பத்து மணிக்கு உனக்குப் பரிசோதனைக்கு இடம் பதிந்திருக்கிறேன். வாடிக்கையாளர் வருகிறார், கரண்ட் இல்லை, முட்டி வலி என்று எதையாவது எழுதினால் நேரே கடைக்கு வந்து, எல்லோர் முன்னாலும் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன். நான் அப்படிச் செய்வேன் என்று நடுவளுக்கே தெரிந்திருந்தது.

தங்கை


ஏப்ரல் 11

தங்கைக்கு,

ஐந்து காகிதம் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். ஏன் அவளுக்கு எழுதவில்லை என்று நானும் கேட்டுப் பார்த்தேன். அவள் என்மேல் கோபப்படுவாளே என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம், அதற்கு மேல் தேடினாலும் கிடைக்கவில்லை. நீ மன்னிக்க வேண்டாம்.

போட்டோவைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. அவள் அதில் நன்றாக இருக்கிறாள்.

புதன்கிழமை, முதல் பஸ்ஸில் வருகிறேன். இருபதாம் தேதியும் வருவேன், நீ கூப்பிடாவிட்டாலும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன், பேசச் சொல்லி உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

உன் சீருடைத் துணி அப்படியே இருக்கிறது. ஆபரேஷன் ஆறியதும் உன்னை நிறுத்தி வைத்து அளவெடுத்துத்தான் தைப்பேன். இடது பக்கம் எவ்வளவு மிச்சமிருக்கிறதோ அந்த அளவுக்கு. பஞ்சு வேண்டுமென்றால் நீயாக வாய் திறந்து கேள்.

நோட்டீஸைக் கூட்டத்துக்கு வந்த உங்கள் செவிலியரிடம் வாங்கி அளவு அறையில் ஒட்டிவிட்டேன். கண்ணாடிக்குப் பக்கத்தில், டேப் மாட்டுகிற ஆணிக்கு நேர் கீழே. டேப்பை எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. தினமும் படிக்கிறேன்.

அக்கா